எழுபது வளைவுகளும் ஒரு தோழரும்



வளர்ந்த பிள்ளைகள் உள்ள எந்த இல்லத்திலும் என்றேனும் ஒரு நாள் எழுந்தே தீரும் கேள்வி ஒன்று உண்டு. “நண்பனோடு மோட்டார் சைக்கிளில் மலைக்குப் போய் வரட்டுமா?” என்பதே அது. பிள்ளை இதைத் தந்தையிடம் நேரே கேட்பதில்லை. தாயின் வழியாகவே தூது வரும். இதற்கு நம் வீடுகளில் இரண்டு விடைகள்தாம் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, “போகவே கூடாது.” மற்றொன்று, “எப்படியோ போய்த் தொலை.” முன்னது அச்சத்தின் குரல், பின்னது சலிப்பின் குரல். இரண்டிலும் பொறுப்பின் குரல் இல்லை. பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய மூன்றாவது விடை ஒன்று இருக்கிறது. அதைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பயணத்தை நம் மார்க்கம் வெறுக்கவில்லை. பூமியில் சுற்றி வந்து பாருங்கள், சிந்தியுங்கள் என்று திருமறை பல இடங்களில் மனிதனைத் தூண்டுகிறது. தான்ஜியர் நகரத்து இளைஞர் இப்னு பதூதா 1325ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்கெனப் புறப்பட்டபோது அவருக்கு வயது 21. வழித்துணையின்றித் தனியே புறப்பட்டவர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகைச் சுற்றினார். நம் மதுரையில் அமைந்திருந்த மஃபர் சுல்தானியத்துக்கும் வந்து சென்றார். ஆயினும் அந்த நெடும்பயணியே பெற்றோரைப் பிரிந்த துயரைத் தம் நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பயணத்தின் ஆசையும் வீட்டின் கவலையும் அன்று தொட்டே இணைபிரியாதவை.

என் மகனுக்கு வயது பத்தொன்பது. அவன் கேட்டது கொல்லிமலை. உடனே விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாலையை நானே பார்த்து வந்து சொல்கிறேன் என்றேன். அவனுக்கு வியப்பு, என் இல்லத்தரசிக்கோ பெருவியப்பு. மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் நாற்பத்தாறு வயதுக்காரர் பைக்கில் மலையேறுவதா என்று உறவினர் சிலர் நகைத்ததும் காதில் விழுந்தது. நகைக்கட்டும். பார்க்காத சாலைக்குத் தீர்ப்புச் சொல்வது முறையாகுமா?

வழித்துணைக்கு ஒரு தோழரை அழைத்தேன். அவரும் நானும் திருச்செங்கோட்டில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். நம் சமுதாயத்தவர் அல்லர். என்னைவிட ஓராண்டு மூத்தவர் ஆதலால் நான் அவரை “அண்ணா” என்பேன். அவர் என்னை “அசரத்து” என்பார். நம் ஊர் ரிக் வண்டிகள் நாடு முழுதும் ஆழ்துளைக் கிணறு தோண்டச் செல்வதை நீங்கள் அறிவீர்கள். அந்த வண்டிகளோடு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று இருபது ஆண்டுகள் அலைந்தவர் அவர். இந்தியாவின் பாதி நிலத்தைத் துளைத்துப் பார்த்தவர், வீட்டிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் உள்ள கொல்லிமலையைப் பார்த்ததில்லை! பிழைப்பு மனிதனைத் தூரத்துக்கு அழைத்துச் செல்கிறது. அருகில் இருப்பதைக் காட்டுவதில்லை.

அவரை அழைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏழு ஆண்டுகளுக்கு முன் அவருடைய அண்ணன் மகன் நண்பர்களோடு பைக்கில் மலைச்சுற்றுலா சென்று திரும்பினான். மலையில் ஒரு கீறலும் படவில்லை. ஊருக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது, நேரான தார்ச்சாலையில், மாலை மயங்கும் நேரத்தில் விழுந்தான். தலைக்கவசம் இருந்தது, தலையில் அன்று, பெட்ரோல் டாங்கின் மேல். உயிர் பிழைத்தான். ஆனால் இன்றும் ஒவ்வொரு காலையும் அன்று என்ன கிழமை என்பதை அவன் தாய் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் பிறகு தோழர் தம் பழைய புல்லட்டைக் கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிவைத்துவிட்டார். நான் கேட்டதும் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சரிங்க அசரத்து. பயந்துட்டே இருந்தா எத்தனை நாளைக்குங்க?” என்றார்.

மறுநாள் வண்டி பழுதுபார்க்கும் கடைக்குச் சென்றது. பிரேக் லைனிங், செயின், டயர், முகப்பு விளக்கு எல்லாம் பார்க்கப்பட்டன. சென்னைத் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் 1955 முதல் உருவாகத் தொடங்கிய வண்டி அது. முதுமை அதற்குக் குறையன்று, கவனிப்பின்மையே குறை.

சமவெளியும் மலையும்

பஜ்ரு தொழுகையை முடித்துப் புறப்பட்டோம். எலச்சிபாளையம், வேலகவுண்டம்பட்டி வழியாக நாமக்கல் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். இருபுறமும் நிலக்கடலையும் சோளமும் மரவள்ளியும். இடையிடையே நீண்ட ஓட்டுக் கூரைகளோடு கோழிப்பண்ணைகள். பேருந்தின் சன்னலில் நூறு முறை பார்த்த காட்சிதான். எனினும் பைக்கில் அமர்ந்து செல்லும்போது காற்றோடு மண்வாசனையும், ஜவ்வரிசி ஆலையின் புளித்த வாடையும், ஈரக்கிணற்றின் குளிர்ச்சியும் உடலில் வந்து படுகின்றன. இளைஞர்கள் இவ்வாகனத்தை ஏன் விரும்புகிறார்கள் என்பது எனக்கு அப்போது விளங்கிற்று. வேகம் மட்டுமன்று காரணம். நிலத்துக்கும் மனிதனுக்கும் இடையே சுவர் இல்லை என்பதும் காரணம்.

நாமக்கல்லில் ஒற்றைப் பாறைமேல் நிற்கும் கோட்டையைக் கடந்து, சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியே சென்றால் மலையடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்துதான் புகழ்பெற்ற எழுபது கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. ஒவ்வொரு வளைவுக்கும் எண் இட்டிருக்கிறார்கள்.

முதல் வளைவுக்கு முன் தோழர் வண்டியை நிறுத்தினார். இருவரும் இறங்கித் தண்ணீர் அருந்தினோம். நபித்தோழர்கள் பயணத்தில் மேட்டில் ஏறும்போது தக்பீரும், பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வது வழக்கம் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக அறிகிறோம். அதன் நுட்பத்தை அந்த மலைப்பாதையில்தான் உணர்ந்தேன். ஏறும்போது மனிதனுக்குத் தான் உயர்கிறோம் என்ற எண்ணம் எழும். அப்போது இறைவனே பெரியவன் என்று சொல்லச் சொல்கிறது மார்க்கம். இறங்கும்போது தாழ்வும் தளர்ச்சியும் தோன்றும்; அப்போது எந்தத் தாழ்வும் தீண்டாத அவனுடைய தூய்மையை நினைக்கச் சொல்கிறது.

பத்தாவது வளைவு தாண்டியதும் வெயில் மென்மையானது. முப்பதைத் தாண்டியதும் காதுகள் அடைத்தன. கீழே சமவெளி ஒரு பாயைப்போல் விரிந்து கிடந்தது. அப்போது எங்களைக் கடந்து ஐந்தாறு வண்டிகள் பறந்தன. ஒன்றில் மூவர். வளைவின் உட்புறத்தை வெட்டிக்கொண்டு, எதிரே வருவது தெரியாமல் திருப்பினார்கள். மேலிருந்து ஒரு பேருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஒலியெழுப்பி நிறுத்தியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? தோழரின் முதுகு இறுகுவதைப் பின்னிருந்து உணர்ந்தேன். அடுத்த அகன்ற இடத்தில் வண்டியை ஓரங்கட்டினார். சிறிது நேரம் கைப்பிடியைப் பற்றியவாறே நின்றார். பிறகு, “பாறையில ராடு இறக்கறப்ப அவசரப்பட்டா உள்ளயே சிக்கிக்கும்ங்க அசரத்து. அப்புறம் ராடும் வராது, தண்ணியும் வராது” என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

மேலே என்ன இருக்கிறது?

சோளக்காட்டை அடைந்தபோது குளிர் உடலைத் தழுவிற்று. கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த இம்மலை ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் வரை உயரம் கொண்டது. மேலே ஒரு கூரிய சிகரத்தை எதிர்பார்ப்பவர் ஏமாந்து போவார். அங்கே வயல்களும் ஊர்களும் பள்ளிக்கூடங்களும் கொண்ட ஒரு நாடே இருக்கிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கிறது, நிழலில் காப்பிச்செடி. பலாவும் வாழையும் அன்னாசியும் விளைகின்றன. சாமை, தினை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்களை மலைவாழ் மக்கள் வழிவழியாகப் பயிரிட்டு வருகிறார்கள். அவர்களைச் சுற்றுலாக் காட்சிப் பொருளாகப் பார்ப்பது பெருங்குற்றம். நாம் அவர்களுடைய வீட்டுக்கு வந்த விருந்தினர். விருந்தினருக்குரிய அடக்கம் நமக்கு வேண்டும்.

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை உண்டு. கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரி இம்மலையை ஆண்டவன் என்பதைத் தமிழ் பயின்றோர் அறிவர். ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து உடும்பில் போய்த் தைத்தது என்று புறநானூறு அவன் வில்லாற்றலைப் பேசுகிறது. ஆனால் அந்தப் பாட்டைப் பாடிய வன்பரணர் வியந்தது அவன் வில்லை மட்டுமன்று, கொடையையும்தான். காட்டில் எதிர்ப்பட்ட பாணர் கூட்டத்தைக் கண்டதும் வேட்டையை விட்டு விருந்தளித்தவன் அவன். வலிமை உடையவன் வழியில் வருவோரைக் கண்டு நிற்கத் தெரிந்தவனாகவும் இருக்க வேண்டும். கையில் விரைவான வண்டி உடைய நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் அல்லவா?

அறப்பளீசுவரர் கோயில் அருகே ஆகாய கங்கை அருவி இருக்கிறது. ஐயாறு ஏறத்தாழ முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுகிறது. அதைக் காண ஆயிரம் அளவிலான படிகள் இறங்கி, மீண்டும் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது நல்லது. இறங்குவதற்கு முன் தோழர் கோயிலுக்குச் சென்று வந்தார். அவருடைய காலணியும் தலைக்கவசமும் என்னிடம் இருந்தன. லுஹர் நேரம் வந்தது. எழுபது வளைவுகள் சுற்றியதில் எனக்குத் திசை குழம்பியிருந்தது. தோழர் தம் கைப்பேசியின் திசைகாட்டியைப் பார்த்து மேற்கை வகுத்துக் காட்டினார். நான் தொழுது முடிக்கும் வரை பாறையின் ஓரத்தில் சத்தமின்றி அமர்ந்திருந்தார். இதில் நாங்கள் இருவரும் வியக்க ஒன்றும் இல்லை. பள்ளிக்காலந்தொட்டு எங்களுக்குள் நடைமுறை இதுவே.

தோழமையைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். ஒருவர் மற்றொருவரைப் புகழ்ந்தபோது, அவரோடு பயணம் செய்திருக்கிறீரா என்று கலீபா உமர் (ரலி) அவர்கள் கேட்டார்களாம். பயணம் மனிதனின் உண்மை முகத்தைக் காட்டிவிடும் என்பதே அதன் கருத்து. 1952ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவை ஒரு பழைய நார்ட்டன் வண்டியில் சுற்றப் புறப்பட்ட இரு நண்பர்களை உலகம் அறியும். சே குவேராவும் அல்பெர்ட்டோ கிரனாடோவும் ஏறிய அந்த வண்டி சிலி நாட்டில் செயலற்றுப் போயிற்று. பயணமோ நிற்கவில்லை. நடந்தும், பிறர் வண்டிகளில் ஏறியும் தொடர்ந்தார்கள். பெருவில் தொழுநோயாளர் குடியிருப்பில் தங்கிப் பணி செய்தார்கள். அவர்களுடைய பிற்கால அரசியலை ஏற்பதும் மறுப்பதும் வேறு. வண்டி நின்ற பின்னும் தொடர்வதே தோழமை என்பதற்கு அது சான்று. ஆகவே, “எந்த வண்டியில் போகிறாய்?” என்பதற்கு முன், “யாரோடு போகிறாய்?” என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

மூன்றாவது விடை

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள் 74,897 பேர். தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் மட்டும் 50,029 பேர். அவர்களில் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தோர் 14,337 பேர். பின்னால் அமர்பவருக்குத் தலைக்கவசம் எதற்கு என்று கேட்போர் கடைசி எண்ணை இன்னொரு முறை படிக்கட்டும். உயிர் நமக்குச் சொந்தமன்று, அமானிதம். அடைக்கலப் பொருளைக் கவனக்குறைவால் உடைத்தவன், விதி என்று சொல்லித் தப்ப இயலாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவனை நம்பு என்பதன்றோ பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்த தவக்குல்?

ஆகவே என் மகனுக்கு நான் சொன்ன விடை, “போய் வா, ஆனால் இவற்றோடு போய் வா” என்பதாகும்.

உரிமம் இல்லாமல் வண்டியைத் தொடாதே. (பெற்றோருக்கும் ஒரு சொல்: 18 வயது நிரம்பாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்து அவன் குற்றம் இழைத்தால், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கே 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.) ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற தலைக்கவசம் இருவர் தலையிலும் இருக்கட்டும். தாடையில் வார் பூட்டப்பட்டிருக்கட்டும். வண்டியில் இருவருக்கு மேல் வேண்டாம்.

மலையில் ஏற எந்தக் கியர் தேவைப்படுகிறதோ, இறங்கவும் அந்தக் கியரே தேவை. பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்தோ நியூட்ரலிலோ உருட்டிவிடாதே. பிரேக்கை மட்டும் நம்பி இடைவிடாது அழுத்தினால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். வளைவில் ஒலியெழுப்பு, உன் இடப்பக்கத்தை விட்டு விலகாதே. குறுகிய மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இது போக்குவரத்து விதி. மேலே இருப்பவன் கீழிருந்து வருபவனுக்கு இடம் கொடுப்பது நல்லொழுக்கமும் ஆகும்.

மது அருந்திய கூட்டத்தின் அருகே நிற்காதே. அவர்கள் புறப்பட்டால் அவர்களை முன்னே போகவிடு. நம் திருச்செங்கோட்டின் பக்கத்துப் புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமம் நிறுவிய ராஜாஜி, சென்னை மாகாண முதல்வரானதும் 1937 அக்டோபர் 1 அன்று அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அப்பெருமைக்குரிய மண்ணில் இன்று குடித்துவிட்டு வண்டி ஓட்டுவோரைக் காண நேர்கிறது. நம் பிள்ளை குடிக்காதவனாக இருக்கலாம், எதிரே வருபவன்?

தொழுகையை விடாதே. பயணத் தொலைவு, கஸ்ரு ஆகியவற்றின் சட்டங்களை உன் மத்ஹபின்படி புறப்படும் முன்பே ஆலிமிடம் தெரிந்துகொள். இருட்டும் முன் வீட்டுக்கு வா. ஊர் நெருங்கிவிட்டது என்று எண்ணும்போதுதான் கவனம் தளரும். கடைசி நான்கு கிலோமீட்டரை முதல் நான்கு கிலோமீட்டரைப்போல் ஓட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பி வருவது தோல்வியன்று என்பதை நெஞ்சில் எழுதிக்கொள்.

ஒரு மாதம் கழித்து மகனும் அவன் நண்பனும் சென்றார்கள். முற்பகலில் தொலைபேசி ஒலித்தது. என் இல்லத்தரசியின் கை நடுங்கியது. “அத்தா, நாற்பத்திரண்டாம் வளைவில் நிற்கிறோம். நல்ல மழை. மேலே எல்லாம் மேகம். மழை விட்டதும் இறங்கிவிடுகிறோம். அருவியைப் பார்க்கவில்லை” என்றான். குரலில் ஏமாற்றம் இருந்தது, வெட்கம் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்! அவன் உச்சிக்குச் சென்று வந்திருந்தால்கூட எனக்கு அத்துணை நிறைவு ஏற்பட்டிருக்காது. செய்தியறிந்த தோழர் தம் அண்ணன் மகனிடமும் அதைச் சொன்னாராம். அவன் சிரித்தானாம், மறுநாள் மறந்துவிட்டானாம்.

இத்துடன் முடித்துவிடலாம் என்றுதான் எண்ணினேன். ஆனால் என் மகள் ஒரு வினா எழுப்பினாள். “அத்தா போனீர்கள், அண்ணன் போனான். அம்மாவும் நானும் எப்போது?” இதற்கு எந்தக் கிதாபைப் புரட்டி விடை சொல்வது? மலையைப் படைத்தவன் அதை ஆண்களுக்கு மட்டும் படைக்கவில்லையே! நாமக்கல்லிலிருந்து அரசுப் பேருந்து அதே எழுபது வளைவுகளில்தான் ஏறுகிறது. சீக்குப்பாறைக் காட்சிமுனையில் வீசும் காற்று, பைக்கில் வந்தவருக்கும் பேருந்தில் வந்தவருக்கும் ஒன்றே.

சகோதரர்களே! ஆண்டு முழுதும் அடுப்படியில் நிற்கும் தாய்மார்களுக்கும், வீட்டையும் கல்லூரியையும் அன்றி வேறிடம் அறியாத நம் பெண்மக்களுக்கும் ஒரு நாளை ஒதுக்குங்கள். கட்டுச்சோறு கட்டிக்கொள்ளுங்கள், முதியோருக்கு முன்னிருக்கை கொடுங்கள், குப்பையை மலையில் விடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். பிள்ளைகளைத் தனியே அனுப்பினால் பயிற்சி கொடுத்து அனுப்புங்கள்; பயமுறுத்தி அடைத்துவைக்காதீர்கள். அடைத்துவைக்கப்பட்ட பிள்ளை ஒரு நாள் சொல்லாமல் போவான். சொல்லாமல் போகிறவன் மழை வந்தால் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசமாட்டான்.

புறப்படும் ஒவ்வொருவரையும் வல்ல இறைவன் நலமாக வீடு சேர்ப்பானாக!